விலையும் விடையும்



திருகோணமலைத் துறைமுகம் இயற்கை நமக்கு அளித்த கொடை. அதன் ஆழத்தை எவரும் தோண்டவில்லை. அதனைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளை எவரும் எழுப்பவில்லை. ஆயினும், பெருங்கப்பலொன்று உள்ளே நுழையும்போது, அவ்விடத்து நீரையும் பாறையையும் நன்கறிந்த வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்டே நுழைகின்றது. அவர் உழைப்புக்குக் கட்டணம் உண்டு. துறைமுகம் கொடையாகக் கிடைத்ததனால் வழிகாட்டியின் உழைப்பும் கொடையாகிவிடாது. அதுபோலவே, கட்டணம் பெற்ற வழிகாட்டி, கப்பல் பாறையை அணுகும் வேளையில் கரையில் உறங்கிக்கொண்டிருத்தலும் ஆகாது.

இணையத்தளம் அமைக்கும் திறந்த மூல மென்பொருள்களின் நிலையும் இத்தகையதே. அவற்றுள் மிகப் பரவியது வேர்ட்பிரஸ். 2003ஆம் ஆண்டில் மற் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் தொடக்கிவைத்த அம்மென்பொருளின்மீது, இன்று உலகின் இணையத்தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை இயங்குகின்றன. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். அடிப்படை வீடு இவ்வாறு இலவசமாகக் கிடைக்க, அறை முன்பதிவு, பணம் செலுத்துதல், பன்மொழி வசதி போன்றவற்றைச் செருகுநிரல்கள் என்னும் துணைப்பகுதிகளால் சேர்த்துக்கொள்கின்றோம். அவற்றுள் பல இலவசம். சிலவற்றுக்கு ஆண்டுதோறும் சந்தா செலுத்த வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. வேர்ட்பிரஸின் உரிமமாகிய பொதுமக்கள் உரிமம், மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. விரும்புவோர் கட்டணம் பெற்று உத்தரவாதம் அளிக்கலாம் என்றும் அதுவே இடமளிக்கின்றது. விலைக்கு வரும் செருகுநிரல்களிற் பலவும் அதே உரிமத்தின்கீழ் வருவனவே. அங்ஙனமாயின் நாம் எதற்காகப் பணம் செலுத்துகின்றோம்? காலத்துக்குக் காலம் வரும் திருத்தங்களுக்காகவும், இடர் நேர்ந்தபோது கிடைக்கும் விடைக்காகவுமே செலுத்துகின்றோம். ஆகவே, விடை சரியாக வராதபோது, வாங்கிய பொருளின் பெரும்பகுதி நம் கைக்கு வரவில்லை என்றே கொள்ளவேண்டும்.

உப்புவெளிக் கடற்கரையில் ஐந்து அறைகள் கொண்ட விடுதியொன்றை நடத்தும் நண்பர் எனக்கு உண்டு. கிழக்கில் கடல் அமைதியுற்று, உல்லாசப் பயணிகள் வரும் மாதங்கள் சிலவே. அவற்றின் வருவாயைக் கொண்டே அவர் ஆண்டு முழுவதும் வாழவேண்டும். அறை முன்பதிவுக்கான செருகுநிரல் ஒன்றைச் சந்தா செலுத்திப் பெற்றிருந்தார். பருவத் தொடக்கத்தில் ஒருநாள் அச்செருகுநிரலின் புதிய பதிப்பை ஏற்றினார். அன்று தொட்டு, நிரம்பிய அறைகளையும் வெற்றறைகளாகவே நாட்காட்டி காட்டிற்று. வெள்ளிக்கிழமை மாலை ஓரே அறைக்கு இரு குடும்பங்கள் பெட்டிகளோடு வந்து நின்றன. நண்பர் தம் வீட்டுப் படுக்கையறையை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுத் திண்ணையிற் படுத்தார்.

அன்றிரவே அவர் உதவி கேட்டு எழுதினார். “உங்கள் கேள்வி கிடைத்தது” என்று இயந்திரம் உடனே பதில் அனுப்பியது. மனிதர் ஒருவரின் பதில் வர ஐந்து நாள் சென்றது. பிழை வேறு செருகுநிரல்களில் இருத்தல் கூடும். அனைத்தையும் நிறுத்திப் பாருங்கள் என்றது அப்பதில். நண்பர் அவ்வாறே செய்தார். பணம் செலுத்தும் வழியும் அடைபட்டுப் போயிற்று. ஒன்பதாம் நாள் மற்றொரு பதில் வந்தது: இது முன்னரே அறிந்த பிழை, அடுத்த பதிப்பில் நீங்கும், அதுவரை பழைய பதிப்புக்குத் திரும்புக.

நேயர்களே, பிழை நேர்ந்ததைக் குற்றமென்று நான் கூறேன். பிழையற்ற மென்பொருள் எங்கும் இல்லை. அறிந்த பிழையை முதல்நாளே ஒப்புக்கொள்ளாமையே குற்றம். ஒன்பதாம் நாள் வந்த அந்த விடை முதல்நாள் வந்திருப்பின், பழைய பதிப்பை மீட்டுக்கொண்டு நண்பர் தம் தொழிலைப் பார்த்திருப்பார்.

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் நீதி. செருகுநிரல் எழுதுவோரிற் பலர் தனியாட்கள். அல்லது மிகச் சிறிய குழுவினர். ஆயிரம் தளங்களில் ஆயிரம் வகைச் சேர்க்கைகளோடு அவர்கள் ஆக்கம் ஓடுகின்றது. ஒருமுறை பணம் பெற்று வாழ்நாள் முழுதும் உதவுவதாக வாக்களிப்போர், புது வாடிக்கையாளர் வருகை குறைந்ததும் இடர்ப்படுகின்றனர். வருவாய் நின்றாலும் கேள்விகள் நிற்பதில்லை. ஆகவே ஆண்டுச் சந்தா கேட்பது பேராசையன்று.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2005இல் சஞ்சீவ வீரவரண முதலியோர் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், திறந்த மூல மென்பொருளை உருவாக்கி, அதற்கான ஆதரவுச் சேவையைச் சந்தாவுக்கு வழங்கி உலகெங்கும் வாடிக்கையாளரைப் பெற்றது. 2004 திசம்பரில் திருகோணமலைக் கரையையும் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கை வல்லுநர்கள் தொண்டாக ஆக்கிய சகானா என்னும் இடர்முகாமைத்துவ மென்பொருள், பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. ஆக்கவும் துணைநிற்கவும் நம்மவரால் இயலும் என்பதற்கு இவையே சான்று.

வாங்குவோருக்கும் கடமைகள் உள. பணம் செலுத்துமுன் ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள். விடை வரும் விரைவும் தெளிவும் பின்வருவதைக் காட்டிவிடும். இறுதித் திருத்தம் எப்போது வெளிவந்தது என்று பாருங்கள். புதுப்பிக்குமுன் தளத்தின் பிரதியொன்றைப் பாதுகாத்து வையுங்கள். சோதனையையும் பிரதியிலேயே செய்யுங்கள். உதவி கேட்கையில், “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதாது, எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன நேர்ந்தது என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். உங்கள் கடவுச்சொல்லை எவருக்கும் அனுப்பாதீர்கள். வேண்டுமாயின் தற்காலிகக் கணக்கொன்றைத் திறந்து, பணி முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

நம் கரையில் வள்ளத்தின் இயந்திரம் பழுதுற்றால், அதனைத் திருத்துபவர் முதலிற் கேட்பது, “நாளைக்குத் தொழிலுக்குப் போகவேணுமோ?” என்பதே. பழுதைப் பார்க்குமுன் மனிதனின் நாளையை அவர் பார்க்கின்றார். எங்கோ தொலைவில் கணினிமுன் அமர்ந்து விடை எழுதுவோரிடமும் நாம் வேண்டுவது அந்த ஒரு பார்வையே. அதனை நம் மொழியிலேயே வழங்க, திருகோணமலை இளைஞர் சிலரேனும் முன்வருவாராயின், உப்புவெளி நண்பர்கள் திண்ணையிற் படுக்க நேராது.