உழுத நிலத்தில் விழுந்த மழை

(உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



கோடை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரையிலோ வைகாசியிலோ ஒரு நாள் சாயங்காலம் திடீரென்று இடி இடிக்கும், ஒரு மணி நேரம் கொட்டும், போய்விடும். பக்கத்துப் பக்கத்துக் கொல்லை இரண்டிலும் பெய்வது ஒரே மழைதான். ஒருவர் முதல் தூறலிலேயே ஏர் பூட்டி, சரிவுக்குக் குறுக்கே உழுது போட்டிருக்கிறார். அவர் நிலத்தில் தண்ணீர் இறங்கி ஈரம் நிற்கிறது. அடுத்தவர் நிலம் இறுகிக் கிடக்கிறது. வந்த தண்ணீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்ச் சேருகிறது.

மழை நம் கையில் இல்லை, உழவு நம் கையில் இருக்கிறது. எதிர்பாராமல் ஒரு மனிதரைச் சந்திப்பதும் இப்படித்தான். யாரோ வருகிறார், நாலு வார்த்தை பேசுகிறார், போய்விடுகிறார். ஒருவர் அதை மறுநாளே மறந்துவிடுகிறார். இன்னொருவர் முப்பது நாற்பது வருஷத்துக்கு அதை வைத்து வெள்ளாமை செய்கிறார். இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். பயிர்ப் பேச்சு இல்லையே என்று ரேடியோவை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் வளருகிற பிள்ளையும் ஒரு பயிர்தானே!

ஜவ்வாது மலை என்றால் நமக்குச் சாமையும், புளியும், பலாவும், கடுக்காயும், தேனும் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை. அந்த மலையில், ஆலங்காயத்திலிருந்து மேலே போகிற பாதையில், காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. முன்பு வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த பகுதி, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். காட்டுக்கு நடுவே பெரிய பானைகளைக் கவிழ்த்து வைத்தாற்போலக் கூண்டுகள் தெரியும். பகலில் மூடிக் கிடக்கும், இரவில் கூரை திறக்கும். உள்ளே இருப்பவை வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகள். அந்த இடத்துக்கு வைணு பாப்பு வானாய்வகம் என்று பெயர்.

மாடு மேய்க்கிற காட்டில் இதை யார் கொண்டுவந்து வைத்தார்கள்? அந்தக் கதையைக் கேளுங்கள். அது அமெரிக்காவில் ஒரு விவசாயி வீட்டில் தொடங்குகிறது.

மிசௌரி மாநிலத்தில், 1885ஆம் ஆண்டு, ஒரு பண்ணைக் குடும்பத்தில் ஹார்லோ ஷாப்லி என்று ஒரு பையன் பிறந்தான். கொஞ்சம் படிப்பு, பிறகு ஒரு பத்திரிகையில் நிருபர் வேலை. பத்திரிகைத் தொழிலையே முறையாகப் படிப்போம் என்று 1907இல் பல்கலைக்கழகத்துக்குப் போனால், அந்தப் படிப்பு தொடங்க இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். வந்தது வந்தாயிற்று, வேறு எதையாவது படிப்போம் என்று பாடப் பட்டியலை அகர வரிசையில் புரட்டினாராம். முதலில் கண்ணில் பட்டது தொல்பொருள் ஆய்வு. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை உச்சரிக்க அவருக்கு நாக்கு புரளவில்லை. அடுத்து இருந்தது வானியல். அது வாயில் நுழைந்தது, சேர்ந்துவிட்டார்! இதை அவரே பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

தற்செயலாகச் சேர்ந்தவர் தற்செயலாகப் படிக்கவில்லை. நம் சூரியன் பால்வீதி மண்டலத்துக்கு நடுவில் இல்லை, ஊர்க்கோடி வீடு மாதிரி ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான். 1921 முதல் 1952 வரை ஹார்வர்டு வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்தார்.

இந்த ஷாப்லி ஒருமுறை இந்தியா வந்தபோது ஐதராபாத்துக்கும் வந்தார். அங்கே ஓர் இளைஞர் அவரைச் சந்தித்தார். அவர்தான் வைணு பாப்பு. 1927இல் பிறந்தவர். அப்பா ஐதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். வந்த பெரிய மனிதரைத் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை அல்ல பாப்பு. மாணவராக இருக்கும்போதே, ஒளி கூடிக் குறைகிற விண்மீன்களை இரவெல்லாம் பார்த்துக் குறித்து, அதைக் கட்டுரையாகவும் எழுதியவர். அதாவது, மழை வருவதற்கு முன்பே அவர் நிலம் உழுது கிடந்தது.

சந்திப்பின் பலன் என்ன? ஐதராபாத் அரசின் உதவித்தொகையோடு 1949இல் அவர் ஹார்வர்டில் படிக்கப் போய்ச் சேர்ந்தார். போன வருஷமே, ஜூலை மாதம், தான் எடுத்த வானப் படம் ஒன்றில் புதிதாக ஓர் ஒளி தெரிவதைக் கண்டார். அது வால்நட்சத்திரம். பாப்பு - பாக் - நியூகர்க் என்று மூன்று பேர் பெயரால் இன்றைக்கும் அது வழங்குகிறது. அப்போது பாப்புவுக்கு வயது 21.

அங்கேயே இருந்திருந்தால் பெயரும் வசதியும் கிடைத்திருக்கும். 1953இல் அவர் ஊர் திரும்பினார். நம் நாட்டிலும் நல்ல தொலைநோக்கிகள் வேண்டும், நம் பிள்ளைகள் நம் மண்ணிலிருந்தே வானத்தை ஆராய வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. முதலில் வடக்கே வாரணாசி, நைனிதால். பிறகு 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பு.

கொடைக்கானல் சூரியனை ஆராய நல்ல இடம். விண்மீன்களைப் பார்க்க மேகமும் பனிமூட்டமும் இடைஞ்சல். ஆகவே வேறு இடம் தேடினார்கள். நல்ல நிலம் தேடுகிற குடியானவர் மண்ணையும் நீரையும் பார்ப்பார். இவர்கள் பார்த்தது வேறு: எத்தனை இரவு மேகமில்லாமல் இருக்கிறது, சுற்றிலும் நகரத்து வெளிச்சம் உண்டா, காற்று அலையாமல் நிற்கிறதா என்று பார்த்தார்கள். அப்படித் தேடிக் கண்ட இடம்தான் காவலூர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாக, வடக்கே சுமார் பன்னிரண்டரை பாகையில் இருப்பதால், வடக்கு வானத்தோடு தெற்கு வானத்திலும் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். காவலூரில் முதலில் வைத்த தொலைநோக்கி பெரியதா? இல்லை. 38 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிதான், ஒரு முழத்துக்கும் குறைவு. அதையும் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தார்கள். 1968இல் அது வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் மாதம் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது வெளிப்பட்டபோது, அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்த இடங்களில் நம் காவலூரும் ஒன்று. அதற்குப் பிறகுதான் 2.34 மீட்டர், அதாவது 93 அங்குலப் பெரிய தொலைநோக்கி. அதன் கண்ணாடியைத் தேய்த்துப் பதமாக்கும் வேலை பெங்களூரில் நம்மவர் கையாலேயே நடந்தது.

அது முடிந்ததைப் பார்க்க பாப்பு இல்லை. 1982 ஆகஸ்டில், 55ஆம் வயதில், மியூனிக் நகரில் காலமானார். 1986 ஜனவரி 6ஆம் தேதி அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். ஹார்வர்டுக்குப் போன ஆண்டிலிருந்து கணக்குப் போட்டால் 37 வருஷம். புளியங்கன்று வைத்தவர் எல்லாரும் பழம் தின்கிறார்களா? ஆனால் மரம் காய்க்கிறது. 1988இல் காவலூரிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்குக் கணித மேதை இராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

சரி, வானத்துக் கதை போதும், மண்ணுக்கு வாருங்கள் என்கிறீர்களா? வருகிறேன்.

நார்மன் போர்லாக் என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவரும் பண்ணை வீட்டுப் பிள்ளைதான். படித்தது வனவியல். படிப்பு முடிந்ததும் வனத்துறையில் சேர வேண்டியவர். பணமில்லை என்று அந்த வேலை தள்ளிப்போயிற்று. அந்தச் சமயம், 1937இல், ஸ்டேக்மன் என்கிற பேராசிரியர் பயிரை அழிக்கும் துரு நோயைப் பற்றிப் பேசிய சொற்பொழிவைப் போய்க் கேட்டார். அந்த ஒரு பேச்சு போர்லாக்கின் பாதையையே திருப்பிவிட்டது. ஸ்டேக்மன் துறையிலேயே சேர்ந்து பயிர் நோயியல் படித்தார். 1944இல் மெக்சிகோ போனார். துருவுக்கு ஈடுகொடுக்கும், சாயாத குட்டைக் கோதுமையை வருஷக்கணக்காகப் பாடுபட்டு உண்டாக்கினார். அந்த விதை 1966இல் 18,000 டன் இந்தியாவுக்கு வந்தது. 1970இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு. ஒரு சாயங்காலப் பேச்சுக்கும் அந்தப் பரிசுக்கும் நடுவே 33 வருஷ உழைப்பு.

தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆடுதுறை 27 நினைவிருக்கும். 1960களில் அந்த நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டே விவசாயிகள் விதைத்தார்கள். அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. திண்ணையில் உட்கார்ந்து காதில் விழுந்த ஒரு பேச்சுதான், ஆனால் கேட்டவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை, விதை தேடிப் போனார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

ஒன்று, ஆசை பிறந்தவுடன் ஏதாவது ஒரு சிறு காரியம் செய்துவிட வேண்டும். பார்த்தவரின் விலாசம் கேட்டுக் கடிதம் எழுதலாம், நூலகத்தில் ஒரு புத்தகம் எடுக்கலாம், ஒரு கைப்பிடி விதை வாங்கிப் பாத்தியில் போட்டுப் பார்க்கலாம். ஈரம் காய்வதற்குள் விதைப்பது நமக்குத் தெரிந்த வித்தைதானே?

இரண்டு, நீண்ட காலக் குறிக்கோளுக்கு நடுவில் சிறு சிறு மகசூல் வேண்டும். 93 அங்குலத்துக்கு முன்னால் 38 சென்டிமீட்டர் வந்தது பாருங்கள். “டாக்டர் ஆவேன்” என்கிற பிள்ளைக்கு இந்த வருஷக் கணக்குப் பாடம்தான் முதல் மகசூல்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பாப்புவின் அப்பா வானாய்வகத்திலேயே இருந்தார். ஷாப்லி போன்றவர் வந்தால் போய்ப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு வழி இருந்தது. மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த வழி இருக்கிறதா? உழுது வைத்த நிலம் போல எத்தனையோ பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் மழைதான் வருவதில்லை. தற்செயலை வரவழைக்க நம்மால் முடியாது. ஆனால் அது வருகிற பாதையில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்த முடியும். காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிற வழக்கம் உண்டு. முன்கூட்டி விசாரித்துக்கொண்டு ஒருமுறை கூட்டிப் போங்கள். ஆராய்ச்சி நிலையத்தில் உழவர் விழா என்றால் நீங்கள் மட்டும் போகாமல் மகளையும் அழைத்துப் போங்கள். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் சிறுதானியத்துக்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. நம் கொல்லையில் விளைகிற சாமையை அங்கே படித்தவர்கள் எவ்வளவு மதிப்போடு ஆராய்கிறார்கள் என்று பிள்ளை பார்க்கட்டும்.

2024இல் இதே ஜவ்வாது மலையின் பழங்குடிப் பெண் ஒருவர், 23 வயதில், சிவில் நீதிபதி தேர்வில் தேறினார். அவரைப் போன்ற ஒருவர் நம் உண்டு உறைவிடப் பள்ளிக்கு ஒரு நாள் வந்து பத்து நிமிஷம் பேசினால் போதும், அதுவே பெரிய மழை. அப்படிப்பட்டவர்களை ஊர்ப் பெரியவர்களும் ஆசிரியர்களும் கேட்டு அழைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்த எதிர்பாராத மனிதர் நீங்களாகவும் இருக்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பையன், “இது என்ன விதைங்க தாத்தா?” என்று கேட்பான். ஊசி போட வந்த நர்ஸ் அம்மாவிடம் ஒரு சிறுமி, “நானும் இப்படி ஆக என்ன படிக்கணுங்க?” என்பாள். “உனக்கெதுக்கு இதெல்லாம்? போ, போ” என்று சொல்ல ஒரு நொடி போதும். பொறுமையாகப் பதில் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷம் எந்த நிலத்தில் விழுகிறது, எத்தனை வருஷம் கழித்து விளையப் போகிறது என்று சொல்கிறவருக்குத் தெரியாது. ஐதராபாத்தில் தான் பேசியது ஜவ்வாது மலைக் காட்டில் போய் முளைக்கும் என்று ஷாப்லி நினைத்திருப்பாரா?

ஆகவே, கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கூட்டிப் போங்கள்.