வழி தவறிய புழு



புழு என்றாலே நமக்கு வயிறுதான் நினைவுக்கு வரும். பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தால், "வயித்துல பூச்சி இருக்கு, மாத்திரை வாங்கிக் குடு" என்பார் பாட்டி. நான் பேச வந்திருப்பது மூளைக்கே ஏறிவிடும் ஒரு புழுவைப் பற்றி.

அதன் பெயர் டாக்சோகாரா கேனிஸ். நாய்க்குட்டிகளின் குடலில் வாழும் உருண்டைப்புழு. நாயின் குடல் அதற்குச் சொந்த வீடு. அங்கே வளரும், முட்டையிடும். அந்த முட்டையை ஒரு சுண்டெலி தின்றால் என்ன ஆகும்? அங்கே புழுவால் வளரவும் முடியாது. எளிதில் சாகவும் சாகாது. முட்டையிலிருந்து வெளிவரும், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இளம்புழுவான லார்வா குடலைத் துளைத்து, கல்லீரல், நுரையீரல் என்று அலைந்து, மூளையில் போய்த் தங்கிவிடும். அந்த மூளையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை சிதைந்து கிடப்பதைக் கண்டார்கள்.

உறை சிதைந்தால் நடத்தை மாறுமா? அயர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு புதுக் கூண்டு. அதன் ஓரத்தில் ஒரு மாடம். மாடத்துக்குள் தண்ணீர்க் குழாய். சுண்டெலியை அதில் ஒருமுறை உலவவிட்டார்கள். பிறகு தாகத்தோடு மறுபடி விட்டார்கள். குழாய் இருந்த இடம் நினைவிருந்தால் சீக்கிரம் போய்க் குடிக்கலாம். புழுத் தொற்று இருந்த சுண்டெலிகளில் சில, அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டன.

சுண்டெலிக்கு நடந்தது நம் பிள்ளைக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொன்னால், அது அறிவியல் அல்ல, வதந்தி! ஆனால் மனித உடலும் இந்தப் புழுவுக்கு அந்நிய இடம்தான். 1952-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பால் பீவரும் அவருடைய சக ஆய்வாளர்களும், குழந்தைகளின் உள்ளுறுப்புகளில் இந்த லார்வா அலைவதை எடுத்துக்காட்டினார்கள். கண்ணில் ஏறினால் பார்வையே போகலாம். அரிதாக மூளையிலும் ஏறும்.

அதற்காக நாயைப் பார்த்துக் கல்லை எடுக்காதீர்கள். நாய் இன்று கழித்த மலத்திலுள்ள முட்டை இன்றைக்கே தொற்றாது. மண்ணில் கிடந்து முதிர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முதிர்ந்துவிட்டாலோ மாதக்கணக்கில் மண்ணில் தாக்குப்பிடிக்கும். ஆகவே அன்றன்று அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மண்ணில் விளையாடிய பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்தைத் தொடங்குங்கள்.

நகர்மன்றத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாமுக்கு வரும் நாய்களுக்கு, அங்கேயே பூச்சி மருந்தும் கொடுங்கள். ஊசி போடப் பிடித்த நாயை, மருந்து கொடுக்க இன்னொரு நாள் துரத்த வேண்டாம் அல்லவா?