கிணற்றடியில் சிந்திய டீசலும் அகழ்ந்தெடுக்க வேண்டிய மண்ணும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வன்னியிலே துலாவைக் காண்பது இன்று அரிது. பல தோட்டங்களில் இறைப்பு இயந்திரமும் அதனருகே டீசற் பீப்பாவும் இருக்கின்றன. பீப்பாவின் அடி துருப்பிடித்து ஒழுகுமாயின் நட்டம் டீசலோடு முடிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வவுனியாப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர், கிணற்றிலிருந்து பத்து முழத் தூரத்தில் அரைப் பீப்பா டீசல் ஒழுகிவிட்டதென என்னிடம் கூறினார். மேலே மணல் பரப்பி மூடிவிடும்படி சொன்னேன். அது பிழையான புத்திமதி. மாரி பெய்து கிணறு ஊறியதும் நீரின்மேல் பலநிறப் படலம் மிதந்தது. அவ்வாண்டு முழுவதும் அவர் வீட்டார் அயற்கிணற்றிலிருந்தே குடிநீர் சுமந்தனர்.

டீசல் நீரிலும் இலேசானது. ஒரு லீற்றர் ஏறக்குறைய 840 கிராம் நிறையுடையது. ஆதலின் அது மண்ணினூடாக இறங்கி, நிலத்தடி நீரை அடைந்ததும் அதன்மேற் பரவுகின்றது. கோடையில் நீருடன் தாழ்ந்தும் மாரியில் நீருடன் உயர்ந்தும் இடைப்பட்ட மண்ணெங்கும் அப்பிக்கொள்கின்றது. முல்லைத்தீவுக் கரையோர மணலில் இது விரைவாகவும், களிப்பாங்கான நிலத்தில் மெதுவாகவும் நிகழும்.

நீரை அடைந்தபின் மண்வெட்டியால் ஆவது சொற்பமே. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கிலே, 1.5 கிலோமீற்றர் எல்லைக்குள் வாழ்ந்தோருக்காக 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. பணம் கிடைப்பது வேறு, கிணறு தெளிவது வேறு.

ஆகையால், சிந்திய அன்றே, மழைக்கு முன்னரே தோண்டுதல் வேண்டும். கறை தெரியும் எல்லைக்கு ஒரு முழம் வெளியே தொடங்கி உள்நோக்கி வெட்டுக. எவ்வளவு ஆழம் என்று கேட்பீர்கள். அடிமண்ணில் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, நீர் வார்த்துக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். மேலே படலம் மிதந்தால் இன்னும் தோண்டவேண்டும். மூக்கை மட்டும் நம்பலாகாது. சிறிது நேரத்தில் அது மணத்துக்குப் பழகிவிடும். குழியருகே பீடி, சுருட்டு எதுவும் கூடாது. நெஞ்சளவுக்கு மேல் ஆழமாயின் உள்ளே இறங்காது பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு எடுப்பித்தலே நன்று. மணற்சுவர் சொல்லிக்கொண்டு சரிவதில்லை.

வெட்டிய மண்ணைக் கிணற்றுக் கட்டிலோ குளக்கரையிலோ குவிப்போர் உளர். அது நஞ்சை இடம் மாற்றுவதேயன்றி நீக்குவதன்று. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டிய மேட்டு நிலத்தில் தறப்பாள் விரித்து, விளிம்பில் வரம்பு கட்டி, மண்ணை ஒரு சாண் கனத்துக்கு மேற்படாமற் பரப்புங்கள். மக்கிய மாட்டெரு கலந்து, ஈரம் காயாது காத்து, வாரம் ஒருமுறை புரட்டி, மழைக்காலத்தில் மூடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் துணையோடு டீசலைச் சிதைக்கும். நமது வெப்பத்தில் அதற்குச் சில மாதங்கள் போதியனவாகலாம். உழவு இயந்திரத்திலிருந்து வடித்த பழைய ஒயில் இவ்வாறு எளிதிற் சிதையாது. அதில் உலோகங்களும் உண்டு. அம்மண்ணை மரக்கறித் தோட்டத்துக்கு ஒருபோதும் இடாதீர்கள்.

தோண்டும்போதே நீர் ஊறி அதில் எண்ணெய் மிதந்தால், வைக்கோலாலும் பழந்துணியாலும் ஒற்றியெடுத்து, அவற்றை மூடிய கலத்தில் வையுங்கள். அயற்கிணற்றை ஓயாது இறைத்துத் தெளிவிக்க முயல்வது ஆபத்து; இறைக்க இறைக்க எண்ணெய் கிணற்றை நோக்கியே இழுபடும். அக்கிணற்று நீரைக் குடிக்கவும் பயிருக்கு விடவும் வேண்டாம். காய்ச்சிக் குடிக்கலாமோ என்று கேட்பார் பலர். காய்ச்சுவதால் எண்ணெய் நீங்கிவிடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் உடனே அறிவியுங்கள்.

குழியைச் சுத்தமான மண்ணால் நிரப்பியபின் அடுத்த மாரி உச்சத்தில் கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். ஆழத்தில் எஞ்சிய எண்ணெயை உயரும் நீர் தொடுவது அக்காலத்திலேதான்.