பிளக்கும் பெட்ரோல் கணக்கும்

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசியபடியே தருகிறோம்.)



போன கூட்டத்தில் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "உங்க குழு வண்டி விஷயத்தை எல்லாருக்கும் சொல்லும்மா" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஏனென்றால் அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். இப்போது நம் குழுக்களில் பலபேர் வண்டி வைத்திருக்கிறோம். மொபெட்டாவது இருக்கிறது.

எங்கள் குழுவில் 14 பேர். வங்கிக் கடன் வாங்கி, ஏற்கெனவே ஓடின ஒரு சின்ன பெட்ரோல் வேனை வாங்கினோம். மூணு சிலிண்டர் வண்டி. வாங்கும்போது மீட்டரில் 62,000 கி.மீ. தக்காளி, முருங்கைக்காய், அவரை எல்லாம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகத்தான் அந்த வண்டி. போக வர 50 கி.மீ. மாதம் 26 நாள் ஓடினால் 1,300 கி.மீ. ஓட்டுகிறவளும் எங்கள் குழுத் தங்கச்சிதான். பயிற்சியில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தவள். காலையில் 4 மணிக்கு வண்டியை எடுத்துவிடுவாள்.

வண்டிக் கணக்கு என் கையில். ஒரு நாற்பது பக்க நோட்டில் கி.மீ., லிட்டர், ரூபாய் மூணும் எழுதுவேன். ஆரம்பத்தில் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தது. ஒன்றரை வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் 13 ஆச்சு, 12 ஆச்சு, கடைசியில் 11-க்கு வந்து நின்றது. கேட்பதற்கு மூணு கி.மீ.தான் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,300 கி.மீ.க்கு 14 வீதம் 93 லிட்டர். 11 வீதம் 118 லிட்டர். மாதம் 25 லிட்டர் கூடுதல். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 2,500 ரூபாய். எங்கள் மாதத் தவணையே 6,000 ரூபாய். இரண்டு மாதம் தவணைக்குப் பணம் போதாமல் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம்.

அந்த மாதக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. "வண்டி தண்ணியாவா குடிக்குது? பெட்ரோல் எங்க போகுது?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, "அவ கொழுந்தன் பைக் வச்சிருக்கான்ல" என்றாள். யாரும் திருட்டு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஊக்குநராக நான் அந்தப் பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "பங்க் பில்லையெல்லாம் கொண்டு வாம்மா" என்று அவளிடம் கேட்டேன். அவள் வீட்டுக்குப் போய் ஒரு மஞ்சள் பை நிறைய பில்லைக் கொண்டுவந்து பாயில் கொட்டினாள். பக்கத்திலேயே சாவியையும் வைத்தாள். "அக்கா, பில்லு இருக்கு, சாவியும் இருக்கு. இனிமே நான் ஓட்டல." தீர்மான நோட்டில் கையெழுத்துக்கூடப் போடாமல் போய்விட்டாள்.

நாலு நாள் வண்டி நின்றது. தக்காளியை வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்தோம். அஞ்சாம் நாள் வெளி ஆள் ஒருவரைக் கூலிக்கு வைத்து ஓட்டினோம். ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால் அதே 11! அதுவும் இல்லாமல் அந்த அண்ணன் சொன்னார், "ஏத்தத்துல வண்டி நொண்டுதும்மா, மூணு காலு ஆட்டுக்குட்டி மாதிரி."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. ஏனென்றால் இதே வார்த்தையை அந்தத் தங்கச்சி என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். "அக்கா, லோடு ஏத்துனா ஏத்தத்துல திணறுது. காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பின்னால பெட்ரோல் வாடை வருது" என்று. நான் லிட்டரை எழுதினேன், ரூபாயை எழுதினேன். அவள் சொன்னதை எழுதவில்லை.

மெக்கானிக் தம்பியிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் மூணு பிளக்கையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். இரண்டு பிளக்கின் நுனி லேசான காப்பித்தூள் நிறம். மூணாவது கரிச்சட்டி மாதிரி கறுப்பு. வெள்ளைப் பீங்கானில் முடி மாதிரி ஒரு விரிசல். "அக்கா, உங்க பெட்ரோலைத் திருடுனது இதுதான்" என்று கையில் கொடுத்தார்.

இந்த பிளக் என்ன வேலை செய்கிறது என்று அவர் சொன்னதை நான் நம் பாஷையில் சொல்கிறேன். நம் வீட்டு கேஸ் அடுப்புக்கு லைட்டர் வைத்திருக்கிறோம் இல்லையா? அமுக்கினால் டிக் என்று ஒரு பொறி வரும், அடுப்பு பிடிக்கும். லைட்டர் பழசானால் டிக் டிக் என்கிறது, பிடிக்கவில்லை. அதற்குள் கேஸ் வெளியே வந்து வீடெல்லாம் வாடை. எரியாமல் போன கேஸுக்கும் நாம்தானே காசு கொடுத்தோம்? இன்ஜினுக்குள்ளேயும் இதே கதைதான். பெட்ரோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் வரும். பிளக் பொறி கொடுக்கும். எரியும். அந்த வேகத்தில் வண்டி ஓடும். இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் 1,500 தடவை பொறி விட வேண்டும். வினாடிக்கு 25 தடவை!

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட்தான். காயில் என்கிற பாகம் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி பிளக்குக்கு அனுப்புகிறது. (அதனால் இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைத் தொடவே கூடாது.) பிளக் நுனியில் ஒரு கம்பி, அதற்கு எதிரே வளைந்த ஒரு கொக்கி. நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி. பொறி தாண்டித் தாண்டிக் கம்பி தேயும், இடைவெளி கூடும். கூடினால் பொறி சில சமயம் தாண்டும், சில சமயம் தாண்டாது. லோடு ஏற்றி மேட்டில் போகும்போதுதான் முதலில் தவறும். பீங்கான் விரிந்திருந்தால் மின்சாரம் குறுக்கு வழியில் ஓடிவிடும். எங்கள் வண்டியில் மூணு பேர் இழுக்க வேண்டிய தேரை இரண்டு பேர் இழுத்தார்கள், மூணாவது ஆள் சும்மா நின்று சாப்பிட்டார். இழுக்காத வண்டியை இழுக்க வைக்க ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்க வேண்டும். அதில் இன்னும் பெட்ரோல்.

இப்படி எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்தம் பண்ணுகிற கருவியைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவு. பிளக் மூணுக்கும் எங்களுக்கு ஆனது 360 ரூபாய், கூலி 150.

மெக்கானிக் தம்பி ஏர் பில்டர், டயர் காற்று எல்லாத்தையும் அன்றைக்கே பார்த்துவிடலாம் என்றார். நான்தான், "வேண்டாம் தம்பி, பிளக் மட்டும் மாத்துங்க. எது எவ்வளவு மிச்சம் பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றேன். அவர் சிரித்தார். இரண்டு தடவை டேங்க் நிரப்பி ஓட்டிப் பார்த்தோம். லிட்டருக்கு 13.2 கி.மீ. வந்தது. அப்புறம் ஏர் பில்டர் மாற்றி, டயரில் சரியான காற்று வைத்தோம். 13.8 ஆனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா வண்டிக்கும் இப்படி ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் வண்டியில் ஒரு பிளக் பாதி செத்துப்போயிருந்தது, அதனால் அவ்வளவு வித்தியாசம். கண்ணுக்குத் தெரிகிற அளவு கோளாறாக இருந்த காரைச் சரிசெய்தால் சராசரியாக 4 சதவீதம் பெட்ரோல் மிச்சமாகும் என்றுதான் அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. எங்கள் கதையைக் கேட்டு எங்கள் பெரியம்மா ஒருவர் தன் மொபெட்டுக்குப் புது பிளக் போட்டார். பழைய பிளக் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மி.லி.கூட மிச்சமில்லை. "என்னடி, சும்மா செலவு வச்சுட்ட" என்று என்னைத் திட்டினார். கடையில் கூடுதல் விலைக்கு ஒரு பிளக்கைக் காட்டி மைலேஜ் தானாக ஏறும் என்றாலும் நம்ப வேண்டாம். இரிடியம் பிளக் விலை அதிகம், அது அதிக நாள் உழைக்கும் என்பது உண்மை. நன்றாக இருக்கிற பிளக்கை எடுத்துவிட்டுப் போட்டால் பெட்ரோல் பெரிதாகக் குறையாது.

சாதாரண பிளக்கைக் காரில், வேனில் 20,000 முதல் 30,000 கி.மீ.க்குள் மாற்ற வேண்டும். மொபெட், ஸ்கூட்டருக்கு அதைவிடச் சீக்கிரம். சரியான கணக்கு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். நாங்கள் பழைய வண்டி வாங்கும்போது பெயிண்டைப் பார்த்தோம், டயரைப் பார்த்தோம். பிளக் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கவில்லை. அதே பிளக்கோடு நாங்களும் 24,000 கி.மீ.க்கு மேல் ஓட்டிவிட்டோம். டீசல் வண்டியில் இந்த ஸ்பார்க் பிளக் கிடையாது. டீசல் லோடு ஆட்டோ வைத்திருக்கிற சகோதரிகளிடம் யாராவது ஸ்பார்க் பிளக் மாற்றினோம் என்று பில் கொடுத்தால் கேள்வி கேளுங்கள்!

கழற்றின பிளக்கை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். காப்பித்தூள் நிறம் என்றால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். எண்ணெய்ப் பசையாக இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது, அதற்குப் புது பிளக் மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை. வெள்ளை வெளேர் என்று கொப்புளம் இருந்தால் இன்ஜின் அதிகம் சூடாகிறது. புது பிளக் பெட்டியில் இருக்கிற எண் புத்தகத்தில் இருக்கிற எண்தானா என்று பாருங்கள், பில் வாங்குங்கள்.

மைலேஜ் பார்ப்பது கஷ்டமில்லை. டேங்கை முழுக்க நிரப்பி மீட்டர் எண்ணை எழுதுங்கள். இரண்டு மூணு நாள் ஓட்டியபிறகு அதே பங்கில் மறுபடி முழுக்க நிரப்புங்கள். ஓடின கி.மீ.யை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் வந்தது. 100 ரூபாய்க்குப் போடு, 200 ரூபாய்க்குப் போடு என்று போட்டால் இந்தக் கணக்கு நிற்காது.

அந்தத் தங்கச்சி வீட்டுக்கு நானும் இரண்டு உறுப்பினர்களும் போனோம். கறுத்த பிளக்கையும் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை எப்படிக்கா கழட்டுனாங்க? எனக்குக் காட்டச் சொல்லுங்க" என்றாள். அடுத்த வாரம் பட்டறையில் அவளே கழற்றினாள். இன்ஜின் ஆறின பிறகுதான். சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டு, வயரைப் பிடித்து இழுக்காமல் தொப்பியைப் பிடித்துக் கழற்றி, மாட்டும்போது முதலில் கையாலேயே மரை ஏற்றி, அப்புறம்தான் ஸ்பேனரால் அளவாக இறுக்கினாள். அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். பட்டறையில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். முதல் காருக்கு 1886-இல் காப்புரிமை வாங்கிய ஜெர்மனிக்காரர் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, 1888-இல் புருஷனிடம் சொல்லாமல் இரண்டு பையன்களோடு அந்தக் காரை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பினார். மான்ஹைம் ஊரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நூறு கி.மீ.க்கு மேல். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பொறிக்குப் போகிற வயர் தேய்ந்தபோது காலுறை கட்டுகிற பட்டையைச் சுற்றி ஓட்டினார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கினார். கார் நெடுந்தூரம் ஓடும் என்று ஊருக்குக் காட்டியதே ஒரு பெண்தான்.

இப்போது எங்கள் வண்டி நோட்டில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். "ஓட்டுநர் சொன்னது" என்று தலைப்பு. அதை அந்தத் தங்கச்சியே தன் கையால் எழுதுகிறாள். போன வாரம், "கிளட்ச் இறுக்கமா இருக்கு" என்று எழுதியிருக்கிறாள். நாளைக்குப் பட்டறைக்குப் போகிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறவர்கள் இரண்டு டேங்க் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.