நூலும் திரையும்

மக்கள் விரும்பிப் படித்த ஒரு நாவலைத் திரையிலோ தொலைக்காட்சியிலோ காட்டும்பொழுது, அதனை முன்பே படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுவார்கள்: "புத்தகத்தில் இப்படி இல்லையே!" இவ்வாக்கியத்தை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை சொல்லத் தகாத இடத்தில் சொல்லி, ஒரு மாணவனுடைய உள்ளத்தைப் புண்படுத்தியும் இருக்கிறேன். அந்தப் பிழையை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

1980களில் எழுத்தாளர் சுஜாதா அவர்கள் 'என் இனிய இயந்திரா' என்னும் நாவலை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். கதை நிகழும் காலம் 2021ஆம் ஆண்டையொட்டியது. இன்று கடந்துபோன அந்த ஆண்டு, அன்று எட்டாத வருங்காலம்! ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் மக்களின் பெயர்கள் கூட இரண்டெழுத்தில் அடங்க வேண்டும். நிலா என்னும் பெண்ணின் கணவன் சிபி திடீரெனக் காணாமற் போகிறான். தேடித் தவிக்கும் அவளுக்குத் துணையாக வந்து வாய்ப்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். அந்நாய் பேசும், புத்தகம் படிக்கும், படித்ததைக் கொண்டு சிந்திக்கும், ஆபத்தின் நடுவிலும் வேடிக்கை பேசும். அச்சமும் நகைப்பும் ஒருங்கே கலந்த அக்கதை இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. பின்னர் அது தூர்தர்ஷனில் தொடராக ஒளிபரப்பாயிற்று.

அந்நாளில் நான் காஞ்சிபுரத்தில் ஓர் இளம் ஆசிரியன். ஒளிபரப்புக்கு மறுநாள் வகுப்பில் இதே பேச்சுத்தான். "ஜீனோவின் குரல் இப்படியா இருக்கும்?" என்பான் ஒருவன். "நான் எண்ணியிருந்த நாய் வேறு" என்பான் மற்றொருவன். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். தறி ஓசையிலே வளர்ந்த பிள்ளை. வாரப் பத்திரிகை வாங்கும் வசதி அவன் வீட்டில் இல்லை. அண்டை வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று தொடரைப் பார்த்தவன், ஜீனோவைப் போலவே பேசிக் காட்டி, தானும் சிரித்தான். மற்றவர்களோ அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். தடுத்திருக்க வேண்டிய நான், "முதலில் நாவலைப் படி, பிறகு பேச வா" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் ஜீனோவைப் பற்றி அவன் வாய் திறக்கவேயில்லை. அந்த நாவல் அன்று என் மேசைமேல்தான் இருந்தது. "எடுத்துப் போ, தம்பி" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

படித்தவர்களுக்கு ஏன் இத்தனை சினம் எழுகிறது? காரணம் உண்டு. நாவலில் பாதியை எழுதுபவர் ஆசிரியர். மீதியை எழுதுபவர் வாசகர். 'நாய் பேசிற்று' என்று ஆசிரியர் எழுதுகிறார். அந்தக் குரலைக் கொடுப்பது நாம். வேறொரு குரல் திரையில் ஒலித்ததும், நம் வீட்டிற்குள் அயலார் புகுந்து பொருள்களை இடம் மாற்றி வைத்ததுபோல் இருக்கிறது. நகைச்சுவையில் இந்தக் குறை இன்னும் மிகுதி. நல்ல எழுத்தாளரின் வேடிக்கை, நிகழ்ச்சியில் மட்டும் இருப்பதன்று. அவர் வாக்கியத்தை நிறுத்தும் இடத்திலும் இருக்கிறது. ஒளிப்படக் கருவி நாயைக் காட்டும், வாக்கியத்தைக் காட்டாது. ஆகவே வாசகரின் ஏக்கம் பொய்யன்று.

ஆனால் நம் மனத்தில் இருக்கும் உருவம் முற்றிலும் நம்முடையதுதானா? கல்கி அவர்களின் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். நம் காஞ்சியிலிருந்து ஓலை கொண்டு புறப்படும் வந்தியத்தேவனின் கதை அது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபொழுது, மணியம் அவர்கள் அதற்குச் சித்திரம் தீட்டினார். நாமே கற்பனை செய்ததாக எண்ணும் ஆழ்வார்க்கடியானின் முன்குடுமியையும் நந்தினியின் கொண்டையையும் நம்மிற் பலருக்குக் காட்டிக் கொடுத்தது அவருடைய தூரிகையன்றோ? முதல் வாசகர்களுக்கே கதை, சொல்லும் படமுமாகத்தான் வந்து சேர்ந்தது.

1958இல் எம்.ஜி.ஆர். அதனைப் படமாக்க முயன்றார், முயற்சி நிறைவேறவில்லை. 1999இல் சென்னையில் மேடை நாடகமாயிற்று. 2022லும் 2023லும் மணிரத்னம் இரண்டு படங்களாக வெளியிட்டார். மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வளர்ந்த கதை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடங்க வேண்டியதாயிற்று. நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. படமோ ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. கடம்பூர் மணிமேகலைக்குப் படத்தில் இடமில்லை. சேந்தன் அமுதனைப் பற்றிய இறுதித் திருப்பமும் இல்லை. வாசகர் பலர் வருந்தினர், சிலர் சினந்தனர். அதே நாட்களில், அதுவரை அந்த ஐந்து பாகங்களைத் தொட்டிராத இளைஞர் பலர் புத்தகக் கடைகளை நாடிச் சென்றதையும் நாம் கண்டோம்.

மூலத்தை அறிந்தவர் தடை எழுப்புவது நம் ஊருக்குப் புதிதன்று. காஞ்சிக் குமரகோட்டத்தில் அர்ச்சகராயிருந்த கச்சியப்ப சிவாச்சாரியார், வடமொழிக் கந்தபுராணத்தைத் தழுவி 10,000க்கும் மேற்பட்ட பாடல்களால் தமிழில் பாடினார். அரங்கேற்றம் தொடங்கிய அன்றே, முதற்பாட்டின் முதற்சொற்களின் புணர்ச்சிக்கு இலக்கணம் உண்டோ என்று அவையினர் வினவினராம். மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலை விரித்து விதியைக் காட்டினாராம். அவை ஏற்றுக்கொண்டது, எஞ்சிய பாடல்களையும் அமர்ந்து கேட்டது. இது செவிவழி வந்த வரலாறு. எனினும் அதில் ஒரு பாடம் உண்டு. அந்த அவையினர் "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுந்து போகவில்லை. குறை இன்னது என்று சுட்டினர், விடைக்குக் காத்திருந்தனர், விடை கிடைத்ததும் முழுவதும் கேட்டனர். ரசிகன் கற்க வேண்டிய ஒழுக்கம் இதுவே.

இன்னொரு பாடம் நம் தறிகளில் இருக்கிறது. வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்து யாளியைப் பட்டுச் சேலையின் கரையில் கொண்டுவர வேண்டுமானால், முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். கல்லில் வழுக்கிச் செல்லும் வளைவு, தாளில் படிப்படியாய் ஏறி இறங்கும் சிறு கட்டங்களாகிவிடும். அக்கட்டங்களுக்கு ஏற்ப அட்டைகளில் துளையிட்டு, ஜக்கார்டுப் பெட்டியில் கோத்துத் தறியில் ஏற்றுவார்கள். கல்லின் திரட்சி பட்டில் வாராது. ஆனால் கல்லுக்கு இல்லாத நிறமும் ஒளியும் மடிப்பும் வரும். சேலையைப் பார்த்து, "மண்டபத்தில் இப்படி இல்லையே" என்று எந்த நெசவாளரும் குறை கூறுவதில்லை. இழை அறுந்திருக்கிறதா, கோர்வை பிசகியிருக்கிறதா, யாளி யாளியாகத் தெரிகிறதா என்றே பார்ப்பார். பட்டைப் பட்டின் முறையால் அளப்பதே நேர்மை.

ஆகவே, மாணவர்களே, நீங்கள் விரும்பிய நாவல் திரைக்கு வரும்பொழுது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எது விடப்பட்டது? ஏன் விடப்பட்டிருக்கும்? விட்டபின் கதையின் உயிர் நிற்கிறதா? உயிர் நிற்கவில்லையென்றால் அஞ்சாமல் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். ஆனால் படத்தை முதலில் பார்த்து மகிழ்ந்து வந்தவனை ஒருபொழுதும் ஏளனம் செய்யாதீர்கள். வாசலில் வந்து நிற்கும் விருந்தினன் அவன். முன்னமே உள்ளே வந்தவன் என்பதனால் கதவைச் சாத்தும் உரிமை எவனுக்கும் இல்லை.

2022இல் முதற்படத்தைப் பார்த்துவிட்டு வந்த என் பேத்தி, "ஆழ்வார்க்கடியான் நல்லவரா, கெட்டவரா, தாத்தா?" என்று கேட்டாள். "புத்தகத்தில் அவர் இப்படி இல்லை" என்ற வாக்கியம் என் நாவின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். முதற்பாகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இரண்டாம் படம் வருவதற்குள் ஐந்து பாகங்களையும் படித்துவிட்டாள். அப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் செருப்பைக் கழற்றுமுன்பே, "மணிமேகலையை எப்படி விடலாம், தாத்தா?" என்று சண்டைக்கு வந்தாள். "காரணத்தோடு எழுதிக் கொண்டு வா, அம்மா" என்றேன். நான்கு பக்கம் எழுதி வந்தாள். அவற்றில் மூன்று பக்கங்களுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அன்று பின்வரிசையில் உட்கார்ந்துவிட்ட அந்த மாணவர் இப்பொழுது ஐம்பது வயதை எட்டியிருப்பார். எங்கிருக்கிறார் என்று நான் அறியேன். இந்த ஒலிபரப்பை அவர் கேட்டுக்கொண்டிருந்தால், ஒன்று சொல்ல விரும்புகிறேன்: தம்பி, அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள். அப்படியே, ஜீனோவைப் போல் இன்னொரு முறை பேசிக் காட்டு.