ஹால்டன் மாளிகை

சேலம் நகரத்தைக் கடந்து ஏற்காட்டுச் சாலையில் செல்பவர்கள், மலையேற்றம் தொடங்குவதற்கு முன், சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிக் கொண்டப்பநாயக்கன்பட்டி என்னும் எங்கள் ஊரைக் காண்பார்கள். தலை நிமிர்ந்தால் மலை. அதன்மீது, காப்பிச் செடிகளுக்கு நடுவே, வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பங்களாக்கள். 1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லா கலெக்டராயிருந்து அம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்த காக்பர்ன் துரையைப் பற்றிப் பேச ஏற்காட்டிலே ஆளுண்டு. ஆகையால் இன்று நான் தங்களை அழைத்துச் செல்ல விரும்புவது, அந்தப் பங்களாக்களுக்கெல்லாம் முந்தியதும், அவற்றைவிடப் பன்மடங்கு பெரியதுமான ஒரு மாளிகைக்கு. அது இருந்தது இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் மாகாணத்தில். எனினும் அதன் சரித்திரத்தில் நமது சமவெளிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

எக்ஸெட்டர் நகரத்துக்குத் தென்மேற்கே, ஹால்டன் குன்றுகளின் சரிவில், ஏறத்தாழ 1735-ஆம் ஆண்டில், ஸர் ஜார்ஜ் சட்லி என்ற செல்வர், அந்நாளில் லண்டனில் அரச குடும்பத்தின் கைக்கு இன்னும் போகாதிருந்த பக்கிங்ஹாம் மாளிகையின் சாயலிலேயே, நடுவில் ஒரு பெருங்கட்டடமும் இருமருங்கும் சிறு கட்டடங்களுமாக ஹால்டன் மாளிகையை எழுப்பலானார். 1769-இல் அதை விலைக்கு வாங்கியவரோ பரம்பரைப் பிரபு அல்லர். ராபர்ட் பாக் என்ற அவர் அதே டெவனில் ஆஷ்பர்ட்டன் என்னும் ஊருக்கருகே எளிய குடும்பத்தில் 1717-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, பாதிரியாராகிக் கடற்படையோடு இந்தியாவுக்கு வந்து, கூடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலே கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஜபம் செய்துவைத்தவர்; பின்னர் அங்கியைக் களைந்துவிட்டுக் கம்பெனி உத்தியோகத்தில் புகுந்து, 1763-இல் சென்னை கவர்னராகவே ஆகிவிட்டவர். அக்காலத்துக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சம்பளத்தினால் தனவந்தரானவர்கள் அல்லர்; சொந்த வியாபாரமும், ஆர்க்காட்டு நவாபுக்குக் கொடுத்த கடனுக்கு வந்த வட்டியும் அவர்களுக்குக் கற்பகத் தருவாக விளங்கின. வேதம் ஓதிய வாய் விலை பேசவும் பழகிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

பாக் பதவியிலிருந்தபோது, 1766 நவம்பரில், வட சர்க்கார் ஜில்லாக்களைப் பெறுவதற்காகக் கம்பெனி ஹைதராபாத் நிஜாமுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. நிஜாமுக்குப் படையுதவி செய்வதாக அதில் கொடுத்த வாக்கு, மைசூர் ஹைதர் அலியோடு கம்பெனியைப் போரில் இழுத்துவிட்டது. அடுத்த ஜனவரியிலேயே பாக் பதவியை விட்டுத் தாய்நாட்டுக்குக் கப்பலேறினார். போரோ இங்கே நம் வாசலுக்கு வந்தது. 1768-இல் கர்னல் உட் என்பவர் சேலத்தையும் நாமக்கல் கோட்டையையும் பிடித்தார்; அவ்வாண்டு முடிவதற்குள் ஹைதர் அவற்றைத் திரும்பப் பிடித்தார். இரு பக்கத்துச் சேனைகளும் மாறிமாறி மிதித்துச் சென்ற வயல்களுக்குரியவர்கள், உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் யார் என்பதை அறிந்திருப்பார்களா? போர் ஓய்ந்த 1769-ஆம் ஆண்டுதான் பாக் ஹால்டனை வாங்கிய ஆண்டும்.

பாக்கின் நெருங்கிய நண்பர், கம்பெனியின் சென்னைச் சேனையை உருவாக்கிய ஸ்டிரிங்கர் லாரன்ஸ். பாக் தம் மைந்தனுக்கு அவர் பெயரையே வைத்தார். மனைவி மக்களில்லாத லாரன்ஸும் 1775-இல் இறந்தபோது தம் செல்வத்தைப் பாக் குடும்பத்துக்கே விட்டுச் சென்றார். அந்த நன்றிக்காக 1788-இல் குன்றின் உச்சியில் பாக் கட்டிய மூன்று மூலைக் கோபுரத்தினுள்ளே, நம் வெயிலில் வியர்த்துப் போரிட்ட அந்தத் தளபதி, ரோமாபுரிச் சேனாதிபதியின் உடையணிந்து சிலையாக நிற்கிறார்! இந்த வேஷம் எனக்குச் சற்றுச் சிரிப்பூட்டுவதுதான். ஆனால் அக்காலத்து ரசனை அப்படி.

1798-இல் பாக் இறந்தபின் வந்த சந்ததியார் நிலத்தில் குறைந்தவர்களல்லர். கடற்கரையிலிருந்த டார்க்கி என்னும் சிற்றூர், அவர்களுடைய நிலங்களில் துறைமுகமும் வீதிகளும் எழுந்து, சீமான்கள் உல்லாசமாய்த் தங்கும் நகரமாயிற்று. ஆயினும் கட்டுவதற்கு வாங்கிய கடனும், வாழ்ந்த வாழ்வுக்கு வாங்கிய கடனும் சேர்ந்து வளர்ந்தன. ராபர்ட்டின் பேரர் காலத்திலேயே கடன்காரர்களுக்கு அஞ்சிக் கடல் கடந்து வாழும் நிலை. கொள்ளுப்பேரர் 1880-இல் ஹால்டன் பிரபு என்னும் பட்டம் பெற்று மூன்றாண்டில் மறைந்தார். அவருக்குப்பின் சொத்துகள் ஒவ்வொன்றாக ஏலத்துக்குப் போயின, மாளிகையும் கைமாறிற்று. 1920-களில் அதன் நடுக்கட்டடத்தை இடித்துவிட்டார்கள். 1939-இல் பிரபுப் பட்டமும் வாரிசின்றி முடிந்தது. குடும்பப் பெயர் மட்டும், நமக்கும் இலங்கைக்கும் இடையே, பாக் ஜலசந்தி என்று பூகோளப் படத்தில் இருக்கிறது.

அவ்விடத்தைப் பார்க்க விரும்பும் நேயர்கள் எக்ஸெட்டரிலிருந்து காரில் சில மைல் சென்றால் போதும். மாளிகையில் தப்பிய ஒரு பகுதி பிற்காலத்தில் ஹோட்டலாயிற்று. லாரன்ஸின் கோபுரம் பழுதுபார்க்கப்பட்டு வெள்ளை வெளேரென்று நிற்கிறது. தெளிந்த நாளில் படியேறினால் டெவன் மாகாணத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும். மழைக் குப்பாயம் ஒன்று கையில் இருக்கட்டும். அந்த ஊர் வானத்தை நம்புவதற்கில்லை.