டில்லியிலிருந்து வந்த புதிர்

புலவர் ஒருவர் ஈற்றடியைக் கொடுப்பார். மற்றவர் அதற்கேற்ற முன்னடிகளை அமைத்து வெண்பாவை முடிப்பார். யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இவ்வித்தை புதியதன்று. மேலைப்புலோலி தந்த சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளையின் பெயர் வடமராட்சியில் இன்றும் பேசப்படுகின்றது. அவதானம் புரிவோர், கொடுத்த ஈற்றடிக்குப் பாட்டுக் கட்டிக்கொண்டே சதுரங்கமும் ஆடுவதுண்டு.

சதுரங்கத்திலும் ஈற்றடியை முதலில் கண்டு, பின் முன்னடி தேடும் கலை ஒன்று உளது. அதுவே புதிர் அமைத்தல். 'வெள்ளை முதலில் நகர்ந்து, நான்காம் நகர்த்தலிற் கறுப்பு அரசனை மடக்க வேண்டும்' என்று ஒருவர் காய்களை நிறுத்தி வைப்பார். ஆட்டத்தில் எதிராளி தவறு செய்யக்கூடும். புதிரிலோ அந்தத் தயவுக்கு இடமில்லை.

1845ஆம் ஆண்டில், லண்டனில் ஹவார்ட் ஸ்டாண்டன் நடத்திய சதுரங்கப் பத்திரிகையில் இத்தகைய புதிர் ஒன்று வெளியாயிற்று. அனுப்பியவர் டில்லியிலிருந்தார், 'சாகிர்து', அதாவது மாணாக்கன், என்று மட்டும் ஒப்பமிட்டிருந்தார். மாணாக்கன் வைத்த கணக்கு ஆசான்மாரையே திகைக்க வைத்தது.

திகைப்புக்குக் காரணம் இதுதான். கறுப்பு அரசன் நகர இடமின்றி நெருக்குண்டு நிற்கின்றான். தாக்காமலே அவனை அசையவொட்டாது செய்துவிட்டால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்துவிடும். ஆகவே வெள்ளை மந்திரி, போர்க்களத்தை விட்டு ஓடுவான் போல, மூலைவாட்டாகப் பலகையின் அடிவரிசைவரை பின்வாங்குகின்றான். பின்னர் வெள்ளைக் கோட்டை ஒரு கட்டம் ஏறி, தன் மந்திரியின் வழியைத் தானே மறைத்து நிற்கின்றது. மூச்சுவிட இடங் கிடைத்ததென்று அரசன் அந்த வழியிலேயே காலை வைக்கின்றான். கோட்டை விலகுகின்றது, மந்திரியும் கோட்டையும் ஒருங்கே தாக்க, அரசன் மடங்குகின்றான். தன் படையின் கண்ணைத் தானே கட்டிப் பகைவனை வரவழைக்கும் இத்தந்திரத்தை, முன்னேறித் தாக்குவதே திறமை என்றெண்ணியவர்கள் காணாததில் வியப்பென்ன?

சாகிர்து என்பவர் ஹென்றி அகஸ்டஸ் லவ்டே என்னும் ஆங்கிலப் பாதிரியார். 1848இல், முப்பத்து மூன்று வயதளவில், அவர் காலமானார். ஆறு ஆண்டுகளின் பின், 1854இல், புதிர் அமைப்போருக்கான முதற் போட்டி லண்டனில் நடைபெற்றது. பரிசு பெற்றவர் இருபத்திரண்டு வயது வால்ட்டர் கிரிம்ஷா. கறுப்புக் காய்கள் இரண்டு ஒரே கட்டத்தில் ஒன்றன் வழியை மற்றொன்று அடைக்கும் அமைப்பை 1850இலேயே கண்டவர் அவர். வழியை மறைத்தல் என்னும் அளவில் அது டில்லிப் புதிருக்கு இளைய உறவு. அங்கே மறைத்தது வேண்டுமென்றே, இங்கே மறைப்பது வேறு வழியின்றி.

கிரிம்ஷாவின் உத்தி அவர் பெயராலேயே வழங்குகின்றது. லவ்டேயின் உத்திக்கோ அவர் பெயருமில்லை, சாகிர்து என்ற புனைபெயருமில்லை. சதுரங்க நூல்கள் அதனை 'இந்தியப் புதிர்' என்றே குறிக்கின்றன.